அழுக்குப் படாத முகம்

அத்தியாயம் 6

“ஏனுங்க, ஒருத்தன வெட்டறதுக்கு எத்தன சாட்சி வேணுமுங்க?”

ஒரு மாதத்துக்கு முன்னால், சேலத்தில் இருக்கும் ராசம்மாளின் துப்பறியும் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பாவாயி கேட்ட முதல் கேள்வி இதுதான். நாற்காலியைக் காட்டினாள் ராசம்மாள். பாவாயி உட்காரவில்லை.

பத்து வருடமாகத் துப்பறிகிறாள் ராசம்மாள். ஓடிப்போன மகளைத் தேடச் சொல்லி வந்திருக்கிறார்கள். புருஷனின் இரண்டாவது குடும்பத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி வந்திருக்கிறார்கள். இவ்வளவு நேராக யாரும் பேசியதில்லை.

“ஒரு சாட்சி போதும். ஆனா சரியான ஆளுதானான்னு தெரியணும்” என்றாள்.

“அத மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

மூலையில் உட்கார்ந்திருந்த உதவியாளன் நூர் முகமது டீயில் நனைத்த பிஸ்கட், கைதவறி டீக்குள்ளேயே விழுந்தது.

“அக்கா, நாம வெச்சிருக்கறது துப்பறியற கம்பெனியா, கசாப்புக் கடையா?” என்று கேட்டான்.

ராசம்மாள் சிரிக்கவில்லை. பாவாயியின் கண்ணைப் பார்த்தவர்கள் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

பாவாயியின் புருஷன் சின்னன், ஏற்காடு மலையில் தலைச்சோலைக்கு மேலே இருக்கும் வெள்ளிமேடு எஸ்டேட்டில் குடோன் வாட்ச்மேன். ஜனவரியில் குடோனிலிருந்து காப்பி மூட்டைகள் காணாமல் போயின. ஒரு வாரம் கழித்து எஸ்டேட் ஆபீசுக்குத் தபாலில் ஒரு பிளாப்பி வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. அதற்குள் ஒரே ஒரு படம். சின்னன் ஒரு லாரிக்கு மூட்டை ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

“நான் இல்லீங்க. சேர்வராயன் கோயிலுக்கு வாங்க, சத்தியம் பண்றேன்” என்று சின்னன் சொன்னான். யாரும் போகவில்லை. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் காளியப்பன், தொழிலாளர் லைனில் இருந்த சின்னனின் வீட்டிலிருந்து சட்டி பானையை வெளியே எறிந்தார். பதினேழாம் நாள், குடோனுக்குப் பின்னால் இருந்த சில்வர் ஓக் மரத்தில் சின்னன் தூக்கில் தொங்கினான்.

ஜூலையில் ஒரு லாரி டிரைவர் அதே மூட்டைகளோடு சேலத்தில் பிடிபட்டான். வாட்ச்மேனுக்கும் திருட்டுக்கும் சம்பந்தமே இல்லை, அந்த ஆளின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை என்று வாக்குமூலம் கொடுத்தான்.

அப்படியானால் படம் பொய். அந்தப் பொய்யைச் செய்தது யார்? பாவாயிக்கு வேண்டியது அந்தப் பெயர் மட்டும்தான்.

*

1998 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கே பனிமூட்டமாக மஞ்சு இறங்கி எஸ்டேட் பாதையை மூடியிருந்தது. நூரின் ஜீப் முதல் கியரில் இருமிக்கொண்டே ஏறியது. பின் சீட்டில் பாவாயி. அவள் மடியில் சாக்கில் சுற்றிய ஒன்று இருந்தது.

“அக்கா, மடியில என்னுங்க?” என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டான் நூர்.

“கொடுவாளு.”

“செடியக் கவாத்து பண்ணவா?”

“ஆமா. ரைட்டரு கழுத்த.”

நூர் பாதையைப் பார்த்து ஓட்டத் தொடங்கினான்.

எஸ்டேட் ஆபீசில் ரைட்டர் காளியப்பன் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது. பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் மேசையைப் பார்ப்பார்.

“போலீசே வந்து பாத்துட்டுப் போயாச்சு. இனி நீங்க என்னத்தப் பாக்கப் போறீங்க?”

“போலீஸ் பாத்தது படத்துல இருக்கற ஆள. நாங்க படத்தப் பாக்கறோமுங்க” என்றாள் ராசம்மாள்.

சுவரில் தொழிலாளர்களின் அடையாள அட்டைகள் வரிசையாகத் தொங்கின. நூர் அவற்றை உற்றுப் பார்த்தான். எல்லா முகத்திலும் கறுப்பும் பழுப்புமாகப் புள்ளிகள்.

“ஏனுங்க ரைட்டர், உங்க எஸ்டேட்டுல எல்லாத்துக்கும் ஒரே நாள்ல அம்மை போட்டுச்சா?”

“கம்ப்யூட்டர் கார்டு அப்பிடித்தான் வரும். ஆளத் தெரியுதில்ல? போதும்” என்று எரிந்து விழுந்தார் காளியப்பன். “ஒண்டிக்கடை முக்குல கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கற கந்தசாமிதான் படம் புடிச்சுப் பிளாப்பில போட்டுக் குடுத்தான். நான் கார்டு அடிச்சேன். புள்ளிக்கு நான் பொறுப்பில்ல.”

“சின்னன் கார்டு இருக்குங்களா?”

அவர் இழுப்பறையைத் துழாவி ஒரு அட்டையை மேசையில் போட்டார். குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டுக்குப் பின்னால் சின்னனின் முகம், புள்ளி புள்ளியாக.

“சின்னன் உங்க மேல ஒருக்கா முதலாளிகிட்டப் புகார் சொன்னாராமே. பழம் நிறுக்கறப்ப தராசுல நீங்க கை வெக்கறீங்கன்னு?”

“அதுக்கு?” மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார் காளியப்பன். “அதுக்காகப் படம் செய்வேனா? எனக்கு இந்தப் பெட்டிய அணைக்கத் தெரிஞ்சதே போன வருசம்தான்.”

பிளாப்பியைக் கம்ப்யூட்டரில் செருகினார். படம் மேலிருந்து கீழாக மெதுவாக விரிந்தது. லாரியின் பின்பக்கம், மூட்டைகள், கயிறு, நடுவில் சின்னன். நேராகக் கேமராவைப் பார்த்தபடி.

“திருடற நேரத்துல பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிக்கற மாதிரி நின்னிருக்காரே, பாவம்” என்றான் நூர்.

காளியப்பன் பழக்கதோஷத்தில் படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினார். பிறகு மூடப் போனார். சேவ் செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. செய் என்று அழுத்தினார். முடியாது என்று அது மறுத்தது.

“எதுக்குங்க சேவ் பண்றீங்க?” என்றாள் ராசம்மாள்.

“பண்ணாம உட்டா? ஒருக்கா உட்டு ரெண்டு நாள் வேலை போச்சு. அதுலருந்து தொட்டதெல்லாம் சேவ்தான். அறுவடைப் படமெல்லாம் நூறு தடவ பண்ணியிருக்கேன், பத்திரமா இருக்கட்டும்னு. இது ஒண்ணுதான் மாட்டேங்குது.”

ராசம்மாள் பிளாப்பியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மூலையில் இருந்த சின்னப் பூட்டு தள்ளப்பட்டிருந்தது. உள்ளே எதையும் மாற்ற முடியாது. அனுப்பியவனுக்கு இந்த ரைட்டரின் விரல் பழக்கம் தெரிந்திருக்கிறது.

“இதையும் சின்னன் கார்டையும் எடுத்துட்டுப் போறேன்.”

“அஞ்சு மணி பஸ்ஸுக்கு நான் ஊட்டுக்குப் போகணும். அதுக்குள்ள கொண்டாந்துருங்க.”

ஜீப்பில் ஏறியதும் பாவாயி கேட்டாள். “அவன்தான?”

“தெரியல.”

“அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஒண்டிக்கடைக்கு வருவான். அதுக்குள்ள தெரிஞ்சாச் சரி. தெரியலீன்னாலும் சரி.”

ராசம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு ஐம்பது.

*

ஒண்டிக்கடையில் கந்தசாமி கம்ப்யூட்டர்ஸ் மட்டும் குழல் விளக்கு வெளிச்சத்தில் மஞ்சுக்குள் மிதந்துகொண்டிருந்தது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர். ஏற்காட்டில் படத்தை உள்ளே ஏற்றவும் வெளியே எடுக்கவும் தெரிந்த ஒரே கடை.

கந்தசாமிக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசும் ஆள். பாவாயியைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

“உள்ள வந்து உக்காருங்கக்கா. குளுருது.”

“இருக்கட்டும் சாமி. நான் வெளிய நிக்கறேன். பஸ்ஸு வாரது தெரியணும்.”

சின்னன் செத்தபோது சாவு வீட்டில் மூன்று நாள் கூடவே இருந்தவன் கந்தசாமி. பாவாயி அவனிடம் மட்டும்தான் குரலைத் தணித்துப் பேசினாள்.

நூர், ஸ்கேனர் மாட்டியிருந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். “அண்ணா, இதுல சீட்டாட்டம் இருக்கா? உங்க பாடம் எனக்கு ஏறாது.”

“ஆடுங்க, ஆடுங்க” என்று சிரித்தான் கந்தசாமி. பிளாப்பியை மற்றதில் செருகினான். படத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

“ஜேபெக்.”

“அப்படின்னா? படம்னா எல்லாம் ஒண்ணுதான?” என்றாள் ராசம்மாள்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல அவன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

“இல்லீங்க. மூணு விதம் சொல்றேன். மொதல்ல பி.எம்.பி. ஸ்கேனர் பாத்தத அப்பிடியே வெச்சுக்கும். காப்பிப் பழத்தத் தோலு, சதை எதையும் எடுக்காம மூட்டை கட்டற மாதிரி. நொம்பத் தெளிவு. ஆனா நொம்பப் பெருசு. நான் போஸ்ட்கார்டு சைசுல ஸ்கேன் பண்ணினா ஒரு படமே ரெண்டே முக்கால் எம்.பி. ஒரு பிளாப்பில ஒண்ணரைகூடப் போவாது. அதனால கடைய உட்டு வெளிய போனதே கெடையாது.”

“ரெண்டாவது?”

“ஜேபெக். கண்ணுக்குப் பெருசாத் தெரியாததையெல்லாம் உரிச்சுத் தள்ளிட்டுச் சின்னதாக்கும். போட்டோ அனுப்ப இதுதான் சரி. ஆனா தொறந்து, எதையாவது மாத்தி, மறுபடி சேவ் பண்ணுனா மறுபடி உரிக்கும். பத்துத் தடவ பண்ணுனா பத்துத் தடவ உரிக்கும். எழுத்து, கயிறு, விளிம்பு எங்க இருந்தாலும் அதச் சுத்தி அழுக்கு சேரும். இங்க பாருங்க.”

படத்தைப் பெரிதாக்கினான். மூட்டை மேல் இருந்த எழுத்துகளைச் சுற்றி ஈ மொய்த்ததுபோல் சின்னச் சின்னக் கறைகள். கயிற்றைச் சுற்றியும், லாரியின் ஓரத்தைச் சுற்றியும் அதே கறை.

“மூணாவது ஜிஃப். அது நிறத்த எண்ணி வெக்கற கஞ்சன். கோடு, எழுத்து, கம்பெனிச் சின்னத்துக்கெல்லாம் அருமையா இருக்கும். மூஞ்சிக்கு ஆவாது. பதினாறு நிறத்துல ஒரு மூஞ்சியப் போட்டா இல்லாத நிறத்துக்கெல்லாம் புள்ளி வெச்சுச் சமாளிக்கும்.”

“ஓ, எஸ்டேட் அம்மை!” என்றான் நூர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அதேதான். ரைட்டரோட கார்டு அடிக்கற புரோகிராம் அத மட்டும்தான் திங்கும். என்ன பண்றது? தெளிவாப் புடிச்ச படத்த நானே கெடுத்துக் குடுத்தேன்.” இதைச் சொல்லும்போது அவன் முகம் உண்மையாகவே சுருங்கியது.

ராசம்மாள் திரையைத் தொட்டாள். “இந்த லாரிப் படத்துக்கு எங்கிருந்து இவ்வளவு அழுக்கு வந்துச்சு?”

கந்தசாமி கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பாவாயி வாசலில்தான் நின்றாள். குரலைத் தாழ்த்தினான். ஆனால் வாசலுக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும்.

“இது நான் எடுத்த படமுங்க. போன அறுவடையில எடுத்த அறுபது, எழுபது படத்துல ஒண்ணு.” இன்னொரு படத்தைத் திறந்தான். அதே லாரி, அதே மூட்டை, அதே கயிறு. எல்லாம் கழுவி வைத்ததுபோல் சுத்தம். மூட்டை தூக்கியவன் மட்டும் வேறு ஆள். “இதான் என்கிட்ட இருக்கற சுத்தமான படம். இத எஸ்டேட்டுக்கு ஜேபெக்காக் குடுத்தேன். டிசம்பர்ல பிரிண்ட் போடணும்னு அதே பிளாப்பியத் திருப்பிக் கொண்டாந்தாரு ரைட்டரு. பாத்தா அத்தனையும் அழுக்கு. தொறக்கறப்பவெல்லாம் வெளிச்சத்தத் திருகித் திருகி சேவ் பண்ணியிருக்காரு. அப்பவே சொன்னேன், இப்பிடிப் பண்ணாதீங்கன்னு.”

“அப்ப இந்தப் பொய்ப்படத்த யாரோ…”

“யாரோ இல்லீங்க. என்கிட்ட இருக்கற படத்துல செஞ்சிருந்தாச் சுத்தமா இருக்கும். அழுக்குப் படத்துல செஞ்சிருக்கு. அழுக்குப் படம் யாருகிட்ட இருக்கு?”

“இத ஏன் அப்பவே சொல்லல? சின்னன் உயிரோட இருந்தப்ப?”

“அப்ப எனக்கு யாருங்க பிளாப்பியக் காட்டினாங்க? அந்தப் படத்தப் பிரிண்ட் போட்டு ஆபீஸ் சுவத்துல ஒட்டின தாளத்தான் பாத்தேன். தாள்ல இந்த அழுக்கெல்லாம் தெரியாது.”

நல்ல பதில். ராசம்மாள் தலையை ஆட்டினாள். “சின்னன் முகத்தச் சுத்தி மட்டும் ஈ இல்ல.”

“கடைசியா ஒட்டினதுங்க. ஒட்டி ஒரே ஒரு தடவ சேவ் பண்ணியிருக்கு. கார்டுக்கு எடுத்த மூஞ்சி அது. சட்டைக் காலரு ஒரு பக்கம் மடிஞ்சிருக்கு பாருங்க, அன்னிக்கு நானே சரி பண்ணச் சொன்னேன். கார்டுப் படமெல்லாம் ரைட்டருகிட்டதான இருக்கு.”

வாசலில் சாக்கு அவிழும் சத்தம் கேட்டது. பாவாயியின் கையில் கொடுவாள் மின்னியது. பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து ஒரு அடி வைத்தாள்.

“பாவாயிக்கா!” நூர் இருந்த இடத்திலிருந்தே கத்தினான். “பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குங்க. இப்பவே தூக்கிப் புடிச்சா அஞ்சு மணிக்குக் கை வலிக்கும்.”

“ஒரு கேள்வி பாக்கி இருக்கு. அது முடியட்டும்” என்றாள் ராசம்மாள்.

பாவாயி நின்றாள். திரும்பவில்லை.

கந்தசாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் விரல்கள் நிதானமாக இருந்தன. காரியம் முடிந்த மனிதனின் விரல்கள்.

“கந்தசாமி, ஒரு சந்தேகம். ஜிஃப் படத்தத் திரும்ப பி.எம்.பி.யா மாத்தலாமா?”

“மாத்தலாமுங்க. பேருதான் மாறும். புள்ளி போவாது. உரிச்ச தோலு திரும்ப ஒட்டுமா? போன நிறம் போனதுதான்.”

“கெட்டிக்காரன் ஒருத்தன் உக்காந்து முயற்சி பண்ணினா?”

“என்னாலயே முடியாதுங்க” என்றான் பெருமையாக.

ராசம்மாள் கைப்பையிலிருந்து சின்னனின் அடையாள அட்டையை எடுத்தாள். திரையில் பெரிதாகத் தெரிந்த முகத்துக்குப் பக்கத்தில் அதைப் பிடித்தாள்.

அதே முகம். அதே மடிந்த காலர். அட்டையில் நெற்றி முழுக்கப் புள்ளி. திரையில் நெற்றி வழுவழுவென்று, வியர்வை பட்ட இடத்தில் வெளிச்சம்கூடத் தெரிந்தது.

“ரைட்டருகிட்ட இருந்தது புள்ளி முகம்” என்றாள். “இங்க ஒட்டியிருக்கறது புள்ளி விழறதுக்கு முந்தின முகம். கடைய உட்டு வெளிய போனதே இல்லைன்னு நீங்களே சொன்ன முகம்.”

கண்ணாடி துடைப்பது நின்றது.

“அழுக்கு லாரிய எடுத்துக்கிட்டது தந்திரம். பழி ரைட்டர் மேல போகணும்னு. டிசம்பர்லயே அவரு பிளாப்பி உங்க கைக்கு வந்துருச்சு. அவரு விரலுக்குப் பயந்து பிளாப்பியப் பூட்டியும் அனுப்பினீங்க, இந்த அழுக்கும் சுத்தமும் கலையாம இருக்கட்டும்னு. ஆனா முகத்துக்குப் புள்ளி வெச்ச ஜிஃப்ப எடுத்திருந்தா நாங்க இந்நேரம் ரைட்டரப் பஸ் ஸ்டாப்புல பொணமாப் பாத்திருப்போம். உங்களுக்குக் கெட்டுப்போன படத்துல வேலை செய்யக் கை வரல.”

“சும்மா… கதைங்க இது” என்றான் கந்தசாமி. “அந்த பி.எம்.பி. எல்லாத்தையும் அன்னிக்கே அழிச்சுட்டேன். எடம் ஏதுங்க?”

“அண்ணா” என்றான் நூர், நாற்காலியைச் சுழற்றி. “சீட்டாட்டத்துல தோத்துட்டேன். போரடிச்சுது. அதான் பி.எம்.பி.ன்னு முடியறதெல்லாம் எங்க இருக்குன்னு தேடச் சொன்னேன். நாப்பத்தாறு பேரு வந்து நிக்கறாங்க. பதினெட்டாவது ஆளு இவரு.”

இரண்டாவது திரையில் சின்னன் முழுதாக இருந்தான். மடிந்த காலர், மீசையில் இரண்டு நரை, படம் எடுக்கிறவன் சொன்ன ஏதோ நகைச்சுவைக்கு அடக்கிய சிரிப்பு. ஒரு புள்ளி இல்லை.

பாவாயி உள்ளே வந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கொடுவாள் கையில் தொங்க, அவள் திரைக்கு முன்னால் நின்றாள். வீட்டில் அவளிடம் இருந்த சின்னனின் படம், எஸ்டேட் ஆபீஸ் சுவரிலிருந்து கிழித்தெடுத்த அந்தத் திருட்டுப் படத் தாள் ஒன்றுதான்.

“இந்த மூஞ்சிய இத்தன நாளா நீயா வெச்சிருந்த?” என்றாள்.

கந்தசாமி பின்வாங்கினான். முதுகு சுவரில் முட்டியது.

“சாவு ஊட்டுல என் பக்கத்துல உக்காந்து நீதான சொன்ன, ரைட்டருதான் பண்ணியிருப்பான்னு? அரிவாள எடுக்கத் தெம்பு வேணும், சோறு தின்னுங்கக்கான்னு ஊட்டி உட்டியே?”

நூரின் கை கொடுவாள் பக்கம் மெல்ல நகர்ந்தது. ராசம்மாள் கண்ணால் வேண்டாம் என்றாள்.

கந்தசாமியின் முகத்திலிருந்து கடைக்காரனின் பணிவு உதிர்ந்துபோனது. உள்ளேயிருந்து வேறொருவன் பேசினான்.

“ஆமா. நான்தான். பதினோரு வருசம் காத்திருந்தேன். எங்கப்பன் அந்த எஸ்டேட்டுல மேஸ்திரி. மூட்டைய எடுத்தான்னு உம் புருசன் சொன்னான். காளியப்பன் எழுதினான். ஒரே நாள்ல வெளிய தள்ளினாங்க. எங்கப்பன் சேலத்துக்கு நடந்தே எறங்கினான். பாதி மலையில நெஞ்சப் புடிச்சுட்டு விழுந்தான். ரெண்டு பேரு சேந்து கொன்னாங்க. ஒருத்தன் தூக்குல போயாச்சு. இன்னொருத்தன நீ முடிச்சிருக்கணும். அதுக்குள்ள இவங்கள ஏன் கூட்டிட்டு வந்த?”

“எம் புருசன் பாத்ததத்தான் சொன்னாரு.”

“பொய்! எங்கப்பன் எடுக்கல!”

பாவாயி கொடுவாளை உயர்த்தினாள். அவன் கண்ணை மூடினான். கழுத்தை நீட்டினான் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் வெட்டவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கழுத்தையே பார்த்தாள். கொடுவாளை மேசையில், கீபோர்டின் மேல் கிடத்தினாள். கம்ப்யூட்டர் ‘பீப்’ என்று கத்தியது.

“நூரு தம்பி, பின்னாடி ஊட்டுல இவங்கம்மா இருப்பாங்க. சென்னம்மாளக்கா. பாவாயி கூப்புடறான்னு சொல்லிக் கூட்டியா.”

கந்தசாமியின் கண்கள் திறந்தன. அப்போதுதான் அவன் முதல்முறையாகப் பயந்தான்.

“வேண்டாம். என்ன வேணுமோ பண்ணிக்க. வெட்டிப் போடு. போலீஸக் கூப்புடு. அம்மா வேண்டாம்.”

“வெட்டினா ஒரு நிமிசம்” என்றாள் பாவாயி. “உனக்கு அது பத்தாது.”

சென்னம்மாள் கையில் காப்பி டம்ளரோடு வந்தாள். மகனுக்காக ஆற்றிக்கொண்டிருந்த காப்பி. கடைக்குள் ஆட்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“பாவாயி, எப்ப வந்த? உள்ள வரக் கூடாதா கண்ணு?” பிறகு கொடுவாளைப் பார்த்தாள். திரையில் இருந்த சின்னனைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டி நின்ற மகனைப் பார்த்தாள். “என்னடா சாமி?”

“சொல்லு” என்றாள் பாவாயி. “அந்த லாரிப் படத்த யாரு செஞ்சதுன்னு உங்கம்மாளுக்குச் சொல்லு.”

ராசம்மாள்தான் சொன்னாள். நாலே வாக்கியம். ஒட்டிய முகம், அனுப்பிய பிளாப்பி, சின்னனின் சாவு, இன்று காளியப்பனுக்கு வைத்த குறி. கிழவிக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

சென்னம்மாள் திரையில் இருந்த சின்னனை மறுபடியும் பார்த்தாள். சின்னன் செத்த அன்று பாவாயியின் தலையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் அவள்.

“அப்பனுக்காகப் பண்ணினேம்மா” என்றான் கந்தசாமி. குரல் சிறுபையன் குரலாகிவிட்டது. “அப்பன மூட்டை திருடன்னு சொன்னாங்கள்ள? அதுக்குத்தான். நீயும் அழுதியே, நான் பாத்தேன். இவங்ககிட்டச் சொல்லும்மா. அப்பன் எடுக்கலைன்னு சொல்லு.”

பாவாயி கிழவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரக்கமில்லாமல், ஒரு இமைகூட அசையாமல்.

“சொல்லுங்கக்கா” என்றாள். “நானும் கேட்டுக்கறேன். எம் புருசன் சொன்னது பொய்யுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் இந்த வாள எடுத்துட்டு இப்பிடியே போயிர்றேன். உங்க மகன மன்னிச்சுட்டேன்னு போலீசுகிட்டயும் சொல்லிர்றேன்.”

வெளியே ஏதோ வண்டி ஹாரன் அடித்தது.

“அம்மா, சொல்லும்மா. அப்பன் எடுக்கல. அவ்வளவுதான. சொல்லு.”

சென்னம்மாள் மகனைப் பார்த்தாள். உதடு திறந்தது. அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“ம்மா?”

அவள் திரும்பினாள். மகனுக்குக் கொண்டுவந்த காப்பியை அவனிடம் கொடுக்காமல், டம்ளரைக் கையிலேயே பிடித்தபடி மஞ்சுக்குள் இறங்கிப் போனாள்.